வாலை வடித்த வரலாறு

அமெரிக்க நாட்டு மது ஒன்றைப் பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதலாமா? அதுவும் மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோரம் நீளும் ஊர்களில், மது மணம் வாசற்படி ஏறாத இல்லங்களில் வாசிக்கப்படும் பகுதியில் எழுதலாமா? வாசகர் சிலர் இவ்வாறு வினவக்கூடும். எழுதலாம் என்பதே நமது துணிபு. நாம் அதனை அருந்தப் போவதில்லை. அருந்துமாறு எவருக்கும் கூறப்போவதுமில்லை. ஆயினும், ஒரு பொருளின் சுவை எங்கிருந்து வந்தது, அதனை ஆக்கிய கைகள் எவை என்று ஆராய்வதற்கு நாவில் ஒரு துளி பட்டேயாக வேண்டும் என்ற நியதி இல்லையன்றோ? மேலும், இக்கதையின் ஒரு நுனி கென்டக்கி மாநிலத்தில் இருப்பினும், மறு நுனி நம் வளவில் நிற்கும் தென்னையிலேதான் கட்டப்பட்டிருக்கிறது.

அந்த மதுவின் பெயர் போர்பன். விஸ்கி இனத்தைச் சேர்ந்தது. அண்மைக் காலத்தில் இதனை விற்போர் சரக்கை மட்டும் விற்பதில்லை. சரித்திரத்தையும் சேர்த்தே விற்கின்றனர். போத்தலின் முகப்பிலே ஒரு பழைய ஆண்டு, தாடி வைத்த ஒரு பாட்டனார், முன்னோர் முறைப்படி வடித்தது என்றொரு வாசகம் ஆகியன அமைந்துவிட்டால் விலையும் ஏறிவிடுகிறது. சுவை தேர்வோர் என்று ஒரு கூட்டத்தார் உளர். அவர்கள் குவளையை மூக்கருகே பிடித்து, வாயைச் சற்றே திறந்து மணத்தை இழுத்து, பின் ஒரு மிடற்றை நாவிலே உருட்டி, தாம் கண்டதைக் குறித்துக் கொள்வார்கள். அக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருஞ் சொற்களை நாம் பொறுக்கிப் பார்த்தோம். காய்ச்சிய சீனி, வனிலா, சாதிக்காய், கறுவா, கராம்பு, வறுத்த கொட்டை! இவற்றை ஒரு தாளில் எழுதி நம் ஊர்ப் பெண்மணி ஒருவரிடம் கொடுத்தால், "வட்டிலப்பத்துக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் எழுத மறந்து போனீர்களே" என்றுதான் சொல்வார்.

இச்சுவைகளில் எதனையும் வெளியிலிருந்து சேர்த்தல் ஆகாது என்பது அந்நாட்டுச் சட்டம். நிறமூட்டலும் கூடாது. மூலப்பொருளான தானியத்தில் நூற்றுக்கு 51 பங்கேனும் சோளமாக இருத்தல் வேண்டும். நம் சேனைகளில் விளையும் அதே சோளன்தான். வடித்ததை, உட்புறம் கரியாகும்படி தீயில் வாட்டிய புத்தம் புதிய ஓக் மரக் கலத்தில் ஊறவைத்தல் வேண்டும். கலத்தில் ஊற்றும்போது மதுசாரம் நூற்றுக்கு 62.5 பங்குக்கு மேற்படலாகாது. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்க காங்கிரஸ் இதனைத் தன் நாட்டுக்கே உரிய தனிப்பொருள் என்று தீர்மானித்தது. போர்பன் என்பது பிரெஞ்சு அரச குலமொன்றின் பெயர். அப்பெயர் தாங்கிய மாவட்டம் ஒன்று கென்டக்கியில் உண்டு. அம்மாவட்டத்தால் வந்த பெயரா, நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வீதியொன்றால் வந்த பெயரா என்ற வழக்கு அவர்களுக்குள்ளே இன்னும் தீரவில்லை. கரியூட்டிய கலத்தை முதன்முதற் கண்டுபிடித்தவர் எலைஜா கிரேய்க் என்னும் பாதிரியார் என்று ஒரு கதையும் உலவுகிறது. போத்தலை விற்க உதவும் கதைகளுள் அதுவும் ஒன்று என்பதற்கு மேல் வரலாற்றாசிரியர்கள் அதற்கு மதிப்பளிப்பதில்லை.

மாணவ வாசகர்களுக்காக இதன் தொழில்முறையைச் சற்று விரித்துரைப்போம். சோளத்தில் இருப்பது மாப்பொருள். மதுவம் என்னும் நுண்ணுயிர் மாப்பொருளை உண்ணாது, வெல்லத்தையே உண்ணும். ஆதலால் சோளத்தை அரைத்துக் கூழாகக் காய்ச்சி, அதனுடன் முளைகட்டிய பார்லியைச் சேர்ப்பர். முளையிலுள்ள நொதியங்கள் மாவை வெல்லமாக்கும். மதுவம் அவ்வெல்லத்தை மதுசாரமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றும். மதுசாரம் ஏறக்குறைய 78 பாகை வெப்பத்தில் கொதிக்கும்; நீரோ 100 பாகையில் கொதிக்கும். இந்த இடைவெளியிலேதான் வாலையின் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. முதலில் இறங்குவது தள்ளத்தக்கது, கடைசியில் இறங்குவதும் அவ்வாறே, நடுப்பகுதியே கொள்ளத்தக்கது. வாலையிலிருந்து இறங்கும்போது அது தெளிந்த நீர் போன்றே நிறமற்றிருக்கும். பொன்னிறமும், நாம் மேலே சொன்ன வட்டிலப்ப வாசமும் மரம் கொடுத்தவை. தீயில் வாடிய மரத்தின் வெல்லப் பொருள்கள் பாகாகக் கருகுகின்றன. மரத்தை இறுக்கி நிறுத்தும் இலிக்னின் என்னும் பொருள் சிதைந்து, வனிலாவின் மணப்பொருளே அங்குப் பிறக்கிறது. கோடையில் மது மரத்தினுள்ளே புகும், குளிர்காலத்தில் வெளியேறும். ஆண்டுதோறும் ஒரு பகுதி மரத்தின் வழியே ஆவியாகிப் போய்விடும். அதனை 'வானவர் பங்கு' என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வர். வானவருக்கு இப்பங்கு எதற்கு என்பது நமக்கு விளங்கவில்லை.

நிற்க, வாலை எங்கே வளர்ந்தது என்று பார்ப்போம். வடித்தற்கலை மதுவுக்காகச் செழித்த கலையன்று. மெசொப்பொத்தேமியாவிலும் அலெக்சாந்திரியாவிலும் அதன் வித்துகள் முன்னரே இருந்தன. எட்டாம் நூற்றாண்டு முதல் அரபு மொழியில் எழுதிய அறிஞர்களே அதனை ஒழுங்குபட்ட கலையாக்கினர். ஜாபிர் இப்னு ஹையானின் பெயரால் வழங்கும் நூல்களில் அதன் செய்தி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டினரான அல்கிந்தி வாசனைத் திரவியங்களைப் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் காணப்படுகின்றன. வைத்திய மேதை அர்ராஸி வாலை முதலிய கருவிகளை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். நறுமண நீரும் மருந்துமே அக்கலையின் பெரும்பயன்களாக இருந்தன. திருமண வீட்டில் பன்னீர்ச் செம்பிலிருந்து நம் சட்டையில் தெறிக்கும் துளி அவ்வாலையின் துளியே. யூனானி வைத்தியர்கள் கொடுக்கும் 'அறக்' என்னும் வடிநீரும் அவ்வழி வந்ததே.

அந்த 'அறக்' என்ற சொல் சுவையானது. அரபு மொழியில் அதற்கு வியர்வை என்பது பொருள். வாலையின் தலைப்பகுதியில் ஆவி குளிர்ந்து முத்து முத்தாக அரும்புவதைக் கண்டோர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். கடல் வணிகத்தோடு அச்சொல் கீழ்நாடெங்கும் பரவி, இலங்கையின் தென்னஞ் சாராயத்துக்குச் சிங்களத்தில் அரக்கு எனவும் ஆங்கிலத்தில் அரக் எனவும் பெயராயிற்று. வாலையை ஐரோப்பியர் அலெம்பிக் என்பது 'அல்-அன்பீக்' என்பதன் திரிபு. அதற்கும் மூலம் ஒரு கிரேக்கச் சொல். இவை யாவற்றினும் வியப்பானது அல்கஹோல் என்ற சொல். அது 'அல்-குஹ்ல்', அதாவது கண்ணுக்கிடும் சுருமா! மிக நுண்ணிதாக அரைத்த பொடியைக் குறித்த அச்சொல், நாளடைவில் எப்பொருளின் நுண்சாரத்தையும் குறிக்கலாயிற்று. 16 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் திராட்சை மதுவின் சாரத்தைச் சுட்டத் தொடங்கிப் பின்னர் அதற்கே உரியதாயிற்று. நம் உம்மம்மாமாரின் சுருமாக் குப்பிக்கும் கென்டக்கியின் மதுக்கலத்துக்கும் இப்படியோர் உறவு இருக்குமென்று யார்தாம் எண்ணியிருப்பார்!

மேற்கே சென்ற வாலை மடாலயங்களில் புகுந்தது. அங்கும் மருந்தென்றே தொடங்கினர். இலத்தீனில் 'உயிர்நீர்' என்று பெயரிட்டனர்; அதனை ஐரிஷ்காரரும் ஸ்கொத்லாந்தியரும் தம் மொழியிற் பெயர்த்துக் கூறியதன் சிதைவே விஸ்கி. 1494 ஆம் ஆண்டின் ஸ்கொத்லாந்து அரசாங்கக் கணக்கேட்டிலே, ஜோன் கோர் என்னும் துறவிக்கு உயிர்நீர் ஆக்குவதற்கென முளைகட்டிய தானியம் கொடுத்த பதிவு ஒன்று உளது. இம்மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் குடியேறியபோது கலையும் அவர்களோடு கப்பலேறியது. அங்கே மேற்குப் புற மலைநாட்டில் தானியம் மிகுதி, பாதையோ அரிது. மூட்டை மூட்டையாகத் தானியத்தைச் சந்தைக்குச் சுமப்பதிலும், அதனை வடித்துச் சுமப்பது எளிதாயிருந்தது. 1791 இல் அரசாங்கம் அதற்கு வரி விதித்தது. 1794 இல் உழவர் கலகம் செய்தனர். ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் தாமே படையுடன் புறப்பட்டார்.

அதே வாஷிங்டன், பதவியை விட்டிறங்கிய 1797 ஆம் ஆண்டில், தமது மவுண்ட் வெர்னன் பண்ணையிலே விஸ்கி வடிசாலை ஒன்றை அமைத்தார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 1799 இல் அங்கு வடித்தது ஏறக்குறைய 11,000 கலன். அந்நாட்டின் பெரிய வடிசாலைகளுள் அஃதொன்று. அழிந்துபோன அச்சாலையை மீண்டும் கட்டி 2007 இல் திறந்தார்கள். பழைய கணக்கேட்டைப் புரட்டி, ரை என்னும் தானியம் 60, சோளம் 35, முளைகட்டிய பார்லி 5 என்ற அதே கணக்கில் இன்று வடித்தும் விற்கின்றனர். சோளம் பாதிக்குக் குறைவாதலால் அது போர்பன் ஆகாது. ஆயினும் சரித்திரத்தைக் குவளையில் ஊற்றிக் கொடுப்பதென்றால் இதைவிட வேறொன்றில்லை. அப்பண்ணையின் பதிவுகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. மேற்பார்த்தவர் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற ஸ்கொத்லாந்தியர். நெருப்பெரித்தும் கூழ் கிளறியும் கலம் சுமந்தும் வடித்தவர்கள் அறுவர்: ஹான்சன், பீட்டர், நாட், டானியல், ஜேம்ஸ், திமோதி. அறுவரும் அடிமைகள்.

கணக்கேட்டிலாவது அவ்வறுவர்க்கு இடம் கிடைத்தது. எல்லோர்க்கும் அது வாய்க்கவில்லை. டெனசி மாநிலத்து லிஞ்ச்பர்க் என்னும் ஊரருகே, டான் கோல் என்ற பாதிரியாரின் பண்ணைக்கு ஜாக் டானியல் என்றொரு சிறுவன் வேலைக்கு வந்து சேர்ந்தான். அப்பண்ணையில் வாலையை ஆண்டவர் நத்தான் கிரீன் என்னும் கறுப்பின மனிதர், அடிமையாக இருந்தவர். ஊரார் அவரை நியரஸ்ட் என்று அழைத்தனர். அவரே அச்சிறுவனுக்கு ஆசான். தீயின் பதம், கூழின் பதம், வடித்ததை மேப்பிள் மரக்கரியினூடே சொட்டுச் சொட்டாக இறக்கித் தெளிவிக்கும் பக்குவம் ஆகியவற்றை ஜாக் கற்றது அவரிடத்தேதான். 1865 இல் அடிமைமுறை ஒழிந்தது. பின்னர் ஜாக் டானியல் தொடங்கிய வடிசாலையில் முதலாவது தலைமை வடிப்பாளராக இருந்தவரும் கிரீனே. ஆயினும் உலகெங்கும் பரவியது மாணவனின் பெயர். ஆசானின் பெயரைக் காத்து வைத்திருந்தவர்கள் அவருடைய சந்ததியாரும் ஊராரில் சிலருமே. 2016 இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இதனை விரிவாக எழுதிய பின்னர்தான் உலகம் அறிந்தது. மறு ஆண்டு அவர் பெயரைத் தாங்கிய விஸ்கி ஒன்று கடைக்கு வந்தது. ஜாக் டானியல் நிறுவனமும் தன் முதலாவது தலைமை வடிப்பாளர் அவரே என்று ஒப்புக்கொண்டது. வியாபாரத்துக்கு இன்னொரு கதை கிடைத்தது என ஏளனம் செய்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முகப்பில் இல்லாத பெயர் முகப்புக்கு வந்தது சிறிய காரியமன்று. அது வந்த இடம் ஒரு மதுப் போத்தலாயிற்றே என்பதுதான் நம் வருத்தம்.

இக்கதையை வாசித்தபோது நம் கண் தென்னையின் பக்கம் திரும்பியது.

தென்னஞ்சாற்றுக்குச் சோளத்தின் தொல்லைகள் இல்லை. அதிலே வெல்லம் ஆயத்தமாக இருக்கிறது. அரைக்கவும் வேண்டா, முளைகட்டவும் வேண்டா. ஆனால் அதை இறக்கும் பாடு பெரும்பாடு. விரியாத பாளையைத் தேர்ந்து, அது வெடித்து மலராதபடி இறுகக் கட்டி, பல நாள் தடியினால் மெல்ல மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை கெடும். குறைத்துத் தட்டினால் சாறு வராது. பின் நுனியைப் பாளைக்கத்தியால் தாள் கனத்துக்குச் சீவி, முட்டியைக் கட்டி, காலையும் மாலையும் ஏறி மறுபடியும் மறுபடியும் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். மழையென்றும் வாடையென்றும் தொழிலாளிக்கு விடுமுறை கிடையாது. களுத்துறைக் கரையிலே மரத்துக்கு மரம் தும்புக் கயிறு கட்டி, வானத்திலேயே நடந்து செல்வார்கள். நம் கரையில் தளைநார் கட்டி ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குவதே வழக்கம். கால் வழுக்கியவரின் குடும்பம் என்னவாகும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. இத்தொழிலைச் செய்தோரை ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. அவர் இறக்கியதால் வந்த பணத்தை எவரும் ஒதுக்கியதில்லை.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் மதுவம் பெருகாது. இறங்குவது இனிய கருப்பநீர். அதனைக் காய்ச்சினால் பாணியும் வெல்லமும் ஆகும். 1344 இல் இலங்கைக்கு வந்து சென்ற இப்னு பதூதா, தென்னையைப் பற்றித் தம் பயண நூலில் மிக விரிவாகவே எழுதியிருக்கிறார். சீவுவோர் காலையும் மாலையும் மரமேறுவதையும், சாற்றைக் காய்ச்சித் தேன் போன்ற பாணியாக்குவதையும், அதனை வணிகர் வாங்கிச் செல்வதையும் அவர் விவரிக்கும்போது, நம் அயல்வளவைப் பார்த்து எழுதினாரோ என்று தோன்றும். சுண்ணாம்பு பூசாத முட்டியிலோ, காற்றிலுள்ள மதுவமே வந்து விழுந்து, இறக்கி முடிவதற்குள் நுரைக்கத் தொடங்கிவிடும். அது கள். கள்ளை வாலையிலேற்றினால் சாராயம்.

சாராயத்தை ஊறவைக்க இலங்கையர் ஓக் மரத்தைத் தேடிப் போகவில்லை. சாவண்டலை மரத்தால் பெரிய கலங்கள் செய்தார்கள். சிங்களவர் ஹல்மில்ல என்று வழங்கும் அம்மரத்துக்கு உலகச் சந்தையில் திருகோணமலை மரம் என்றே பெயர்; படகு கட்டவும் உகந்தது. அங்கே ஓக் செய்வதை இங்கே சாவண்டலை செய்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டனர். குத்தகையெடுத்தோர் பலர் பெருஞ் செல்வராகி, அப்பணத்தைத் தோட்டங்களிலும் காரீயச் சுரங்கங்களிலும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியிலும் இட்டனர். கொழும்பின் பழைய மாளிகைகள் சிலவற்றின் அத்திவாரத்தைத் தோண்டினால் கள்முட்டி ஓடுதான் அகப்படும். 1904 இலும், மதுவரிச் சட்டம் வந்த 1912 இலும் மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் எழுந்தது. 1915 இல் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தை அடுத்து அரசாங்கம் அவ்வியக்கத் தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டது; பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்காவும் அவர்களுள் ஒருவர். குத்தகைக்காரர் பெயர் வரலாற்றில் உண்டு. மதுவிலக்குத் தலைவர்கள் பெயரும் உண்டு. மரமேறியவர் ஒருவரின் பெயரையேனும் நாம் எவ்வேட்டிலும் கண்டதில்லை. சாராயப் போத்தலின் முகப்பிலே தென்னையைக் காணலாம். அதில் ஏறுபவரைத் தேடினாலும் அவர் பெயர் அங்கே இராது.

நம் மாவட்டத்துக்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக ஹிங்குராணையில் கரும்பும் சீனி ஆலையும் வந்தன. சீனி எடுத்தபின் எஞ்சும் கரிய பாகும் வீணாவதில்லை. அதிலிருந்தும் மதுசாரம் வடிக்கலாம். இவையெல்லாம் சட்டத்துக்குட்பட்ட வாலைகள். சட்டத்துக்குப் புறம்பான வாலையோ கசிப்பு. தலைவடிவைத் தள்ளவேண்டும் என்ற அறிவோ அக்கறையோ அதனைக் காய்ச்சுவோரிடம் இல்லை. அது எத்தனை இல்லங்களில் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை நம் மாதர் சங்கங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி, நாம் உண்மையிலேயே சுவைத்துப் பார்க்கக்கூடிய பொருளுக்கு வருவோம். கள்ளை வாலையிலேற்றாமல் காற்றோட்டத்தில் விட்டுவிட்டால், வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் அதில் குடிபுகுந்து, மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக மாற்றிவிடும். அதுவே தென்னங்கள் வினாகிரி. இதன் காரணத்தை 1860களில் ஆராய்ந்து விளக்கியவர் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர். தானாகவே வினாகிரியாக மாறியது ஆகுமானது என்பது நான்கு மத்ஹபினருக்கும் உடன்பாடு. வேறொன்றை இட்டு மாற்றுவதிலேதான் கருத்து வேறுபாடு. நல்ல வினாகிரி விஸ்கியைப் போன்றே மரக்கலத்தில் மாதக்கணக்காகக் கிடந்து பக்குவப்படும். மூக்கருகே கொண்டு சென்றால் முதலில் புளிப்பு. அதன் பின்னே பாளையின் மெல்லிய இனிமை. கடைசியாக மரத்தின் வாசம். நிறம் வெளிர் மஞ்சள், அடியில் சிறிது மண்டி தங்கியிருக்கலாம், அது குற்றமன்று.

கடைகளில் தண்ணீர் போன்று தெளிந்து, மூக்கில் ஊசியாகக் குத்தும் வினாகிரியும் விற்கிறது. அது அசற்றிக் அமிலத்தை நீரில் கலந்த செயற்கைப் பொருள். தென்னைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. விலை குறைவாதலால் அதுவே பெரும்பாலும் கூடைக்குள் விழுகிறது. அதனால் இழப்பு நாவுக்கு மட்டுமன்று. மதுவோடு சம்பந்தப்படாமல் சாறு இறக்குபவர் பிழைக்கத்தக்க வழிகள் கருப்பநீர், பாணி, வினாகிரி என்னும் மூன்றே. அவற்றுள் ஒன்றை நாம் அறியாமலே அடைத்து வருகிறோம். ஆகவே வாங்குமுன் முகப்பிலுள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். இயற்கை வினாகிரியா, செயற்கையா என்பது அங்கே குறிக்கப்பட்டிருக்கும். பெருநாள் புரியாணிக்கு அச்சாறு போடும்போது, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஈச்சம்பழம், அரைத்த கடுகு ஆகியவற்றின்மீது இயற்கை வினாகிரியைக் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றி, கண்ணாடிச் சாடியில் இரண்டு நாள் மூடி வையுங்கள். மூன்றாம் நாள் திறந்தால் கடுகின் காரம் தணிந்து, ஈச்சம்பழத்தின் இனிப்புப் புளிப்போடு கலந்திருக்கும்.